வேலிக்குப் போன இரண்டு லட்சமும் பட்டிக்குப் போட்ட ஒன்றரை லட்சமும்

மாடு வளர்ப்பைப் பற்றிச் சொல்ல வருகிறவர்கள் தீவனம், பால், இனவிருத்தி என்று நிறையச் சொல்வார்கள். அந்த மாட்டை எங்கே, எப்படி நிறுத்தி ஒரு ஊசி போடுவது என்று யாரும் சொல்வதில்லை. கொம்பைப் பிடிக்க வீட்டில் நாலு ஆண்கள் இருந்த காலத்தில் அந்தக் கேள்வியே எழவில்லை. என்னைப் போல ஒரு பெண் தனியாக மாடுகளோடு நிற்கும்போதுதான் அது எவ்வளவு பெரிய கேள்வி என்று தெரிகிறது. இரண்டு விலா எலும்பு, ஒரு சினை, இரண்டு லட்சத்துக்கு மேல் பணம், இவ்வளவும் போன பிறகு எனக்குத் தெரிந்ததை எழுதி வைக்கிறேன். யாருக்காவது பணமாவது மிஞ்சட்டும்.

எங்களுக்குத் திருப்பூர் மாவட்டம் மூலனூர்ப் பக்கம் பன்னிரண்டு ஏக்கர் கொரங்காடு, இரண்டு துண்டாக. பாசனம் கிடையாது. மழைக்குக் கொழுக்கட்டைப் புல் வரும், நடுநடுவே வெள்வேலா மரம், சுற்றிலும் கிளுவை வேலி. இந்தப் பக்கத்தில் மேய்ச்சல் காடு தலைமுறை தலைமுறையாக இப்படித்தான். பதினாலு உருப்படி, எல்லாம் காங்கேயம் இன மாடு. என் வீட்டுக்காரர் இருந்தவரை ஒரு சத்தம் கொடுத்தால் அத்தனையும் கட்டுத்தரைக்கு வந்துவிடும். அவர் தவறிய பிறகு அதே சத்தத்தை நான் கொடுத்தேன். தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி மேயத் தொடங்கின. கடைசிக் காலத்தில் அவருக்கு உடம்பு முடியாமல் போனதால், அப்போது வளர்ந்த கிடாரிகளுக்கும் காளைக்கன்றுகளுக்கும் மூக்கணாங்கயிறு போடவே இல்லை. ஆக, பாதி மாட்டுக்குக் கயிறு என்றால் என்னவென்றே தெரியாது. ஆள் கிட்டப் போவதற்குள் விலகி ஓடும். "வித்துப்போட்டு நிம்மதியா இரு அம்மிணி" என்று சொல்லாத சொந்தக்காரர் இல்லை. வியாபாரி ஒருவர் மொத்தமாகக் கேட்ட விலையைக் கேட்டதும் விற்பதில்லை என்று முடிவாகிவிட்டது. தவிர, விற்பதென்றாலும் முதலில் பிடித்தாக வேண்டுமே.

முதல் தொல்லை வேலியில் வந்தது. கிளுவை வேலி சும்மா நட்டுவிட்டால் நிற்கும் என்று வெளியூர்க்காரர்கள் நினைப்பார்கள். போத்தை, அதாவது வெட்டிய கிளையை, நெருக்கி ஊன்றி, வளர வளரக் கிளையை வளைத்து ஒன்றோடு ஒன்று பின்னி விட வேண்டும். வருசா வருசம் மேலே கழித்து, கீழே சந்து விழுந்த இடத்தில் புதுப் போத்து வைக்க வேண்டும். முள்ளுக்குள் கையை விட்டுச் செய்யும் அந்த வேலைக்கு இப்போது ஆள் கிடைப்பதில்லை. எங்கள் சாலையோரத் துண்டில் வேலி மேலே தழைத்து, அடியில் வெறும் தண்டாக நின்றது. பக்கத்துக் காட்டில் முருங்கை. மாடுகளுக்கு வேறென்ன வேண்டும்? நஷ்ட ஈடும் கொடுத்தேன், பேச்சும் வாங்கினேன்.

அப்போதுதான் கம்பி வேலி போடுகிற ஒருவர் வந்தார். ஆறு ஏக்கருக்குச் சுற்றளவு இரண்டாயிரம் அடிக்குக் கொஞ்சம் மேலே. 10 அடிக்கு ஒரு சிமெண்ட் கால், ஐந்து வரி முள்கம்பி, அடிக்கு 100 ரூபாய். "ஏனுங்க்கா, கிளுவையெல்லாம் பொக்லைன் வெச்சு நோண்டி எறிஞ்சரலாமுங்க, பார்வையா இருக்கும்" என்றார். அதற்கு மட்டும் நான் ஒப்பவில்லை. ஆட்டுக்குத் தழை, ஆடிக் காற்றுக்கு மறைப்பு, எத்தனையோ குருவிக்குக் கூடு. அதை விட்டுவிட்டு ஒரு கெஜம் உள்ளே தள்ளிக் கம்பி போடச் சொன்னேன். பின்னால் என்னைக் காப்பாற்றியது அந்த ஒரு முடிவுதான். மொத்தம் 2,05,000 ரூபாய். முக்கால் பங்கு முன்பணம், மீதி வேலை முடிந்த அன்றே.

ஐப்பசி மழை வரை அந்த வேலி பார்க்க நன்றாகத்தான் இருந்தது. மழையில் மேல்மண் இளகியதும் தென்கிழக்கு மூலைக் கால் உள்பக்கம் சாய்ந்தது. மூலை சாய்ந்ததும் ஐந்து வரியும் துணிக்கொடி போலத் தொங்கிவிட்டன. மயிலைப் பசு ஒன்று கழுத்தை உள்ளே விட்டு அந்தப் பக்கப் புல்லை மேய்ந்துகொண்டே இரண்டு கம்பியை ஒதுக்கிவிட்டது. பொலிகாளை உடம்பைத் தேய்த்ததில் நாலைந்து கால்கள் தரை மட்டத்தில் முறிந்தன. முறிந்த கால்களுக்குள் இருந்தது கட்டுக்கம்பி கனத்துக்கு ஒரு கம்பி. ஒரு காலைத் தோண்டிப் பார்த்தால் மண்ணுக்குள் ஒன்றேகால் அடிதான் போயிருக்கிறது. எங்கள் மண்ணில் ஓர் அடிக்குக் கீழே சுக்கான் பாறை இருக்கிறது. கடப்பாரை சுக்கானில் பட்டதும் அவர்கள் அதோடு நிறுத்திவிட்டார்கள். கூப்பிட்டால் "வர்றேனுங்க" என்றார். அப்புறம் போனை எடுப்பதையும் விட்டுவிட்டார். ஆத்திரத்தில் அன்றைக்குச் சாப்பிடக்கூட இல்லை. அந்தப் பணம் என் நகையில் பாதி.

இதில் தெரிந்துகொள்ள வேண்டியதை முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். வேலியில் நடுக்கால்களுக்குக் கம்பியைத் தூக்கிப் பிடிக்கிற வேலைதான். இழுத்துக் கட்டிய கம்பியின் மொத்தப் பாரமும் மூலைக்கால்களில் நிற்கிறது. அதனால் பணம் குறைவாக இருந்தால் நடுக்கால்களை 12 அடிக்கு ஒன்றாக வைத்தாலும் பரவாயில்லை, மூலையில் கை வைக்கக் கூடாது. மூலைக்கால் 3 அடி ஆழம் இறங்க வேண்டும். கம்பி போகிற இரண்டு திசைக்கும் தனித்தனியாக ஒரு முட்டுக்கால் சாய்த்து வைத்து அடியில் கான்கிரீட் போட வேண்டும். நேர்கோட்டிலும் நீளம் அதிகமானால் நடுவில் ஒரு காலுக்கு இரண்டு பக்கமும் முட்டு வேண்டும். கால் ஊன்றும்போது பக்கத்திலேயே நின்று குழிக்குள் அளவுகோல் விட்டுப் பாருங்கள், "என்னங்க்கா நம்பிக்கை இல்லீங்களா" என்பார்கள், இல்லை என்றே சொல்லுங்கள். மொத்தத்தில் ஐந்தில் ஒரு பங்குப் பணத்தை ஒரு மழைக்காலம் தாண்டித்தான் தருவேன் என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ஒத்துக்கொள்ளாதவரை விட்டு வேறு ஆளைப் பாருங்கள்.

முள்கம்பியைப் பற்றியும் ஒரு வார்த்தை. பெரிய மாடு முள்கம்பியைப் பார்த்துப் பழகிவிடும். மிரண்டு ஓடுகிற கன்றுக்கு அது கண்ணில் படாது. மார்கழியில் ஒரு நாள் அதிகாலை நாய்கள் துரத்தி ஒரு செவலைக் கன்று நேராகக் கம்பியில் பாய்ந்தது. மார்பிலும் தாடையிலும் கிழித்துவிட்டது. கிழிசலை விடக் கொடுமை என்னவென்றால், அதைப் பிடித்து மருந்து போட முடியவில்லை. கயிறு தெரியாத கன்று, கிட்டப் போனால் ஓட்டம். இரண்டு மூன்று நாளில் ஈ மொய்த்துப் புண்ணில் புழு வைத்துவிட்டது. கடைசியில் தட்டுப்போர் வைத்திருந்த கொட்டகைக்குள் தவிட்டைக் காட்டி வரவழைத்துக் கதவைச் சாத்தி, அந்த இருட்டில் மாட்டு டாக்டரும் நானும் மல்லுக்கட்டித்தான் மருந்து போட்டோம். கன்று பிழைத்தது, தழும்பு இன்னும் இருக்கிறது.

அடுத்த அடி கோமாரி ஊசியில் விழுந்தது. கோமாரித் தடுப்பூசித் திட்டம் 2019-இல் நாடு முழுவதும் தொடங்கியது. ஆறு மாதத்துக்கு ஒரு முறை ஊசி, காதில் 12 இலக்க எண் உள்ள தோடு. திட்டம் நல்ல திட்டம். ஆனால் வருகிறவர்களுக்கு ஒரு காலைக்குள் பல பட்டிகளைப் பார்க்க வேண்டும். கட்டுத்தரையில் கட்டிக் கிடக்கும் மாட்டுக்கு ஊசி போடுவது அவர்களுக்கு நிமிட வேலை. காட்டில் திரியும் மாட்டுக்கு? ஊர்ப் பையன்கள் கயிற்றோடு வந்தார்கள். கத்தினார்கள், துரத்தினார்கள், கல்லெறிந்தார்கள். கயிறு தெரிந்த ஐந்தாறு மாட்டுக்கு ஊசி போட்டுவிட்டு, மற்றதைக் கட்டி வையுங்கள், நாளைக்கு வருகிறோம் என்று போனார்கள்.

சாயங்காலம் நான் மட்டும். மிரண்டு போயிருந்த கிடாரிகளைக் கட்டுத்தரைச் சுவருக்கும் கல்தொட்டிக்கும் நடுவே ஒதுக்கப் பார்த்தேன். அதில் பெரியது திரும்பியது. எல்லாரும் முட்டிவிட்டது என்கிறார்கள். அது முட்டவில்லை. தப்பிப்பதற்கு அங்கே ஒரே ஒரு சந்துதான் இருந்தது, அந்தச் சந்தில் நான் நின்றிருந்தேன். சுவரோடு என்னை நசுக்கிக்கொண்டு போய்விட்டது. மூச்சு விட முடியவில்லை. போன் தொட்டி விளிம்பில் இருக்கிறது, எழுந்து எடுக்க முடியவில்லை. அங்கேயே படுத்துக்கொண்டு, இப்படியே போய்விட்டால் காலையில் பால்காரர்தான் பார்ப்பார் என்று நினைத்தது ஞாபகம் இருக்கிறது. இருட்டிய பிறகு தவழ்ந்து போனை எடுத்தேன். இரண்டு விலா எலும்பில் விரிசல். விலா எலும்புக்குக் கட்டுப் போட மாட்டார்களாம், வலி மாத்திரையும் ஓய்வும்தான் வைத்தியம். இருமினால் உயிர் போகும். மாட்டுக்குத் தட்டுப் போட ஆள் வைத்த கூலியும் மருந்துச் செலவுமாக 30,000 தாண்டியது.

அதே மாதத்தில் நிறை சினையில் ஓட்டம் பிடித்த மயிலைப் பசு கன்று வீசிவிட்டது, அதாவது சினை கலைந்துவிட்டது. துரத்தியதால் இருக்கலாம், கன்று வீச்சு நோயாகவும் இருக்கலாம் என்றார் டாக்டர். நஞ்சுக்கொடியையும் கன்றையும் வெறும் கையால் தொடாதீர்கள், அந்த நோய் மனிதர்களுக்கும் ஒட்டும், ஆழக் குழி வெட்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதையுங்கள் என்று சொன்னார். இதை மாடு வைத்திருக்கும் எல்லாரும் மனதில் வைக்க வேண்டும். ரத்தம் எடுத்துப் பார்க்க வேண்டும், மாட்டைப் பிடியுங்கள் என்றும் சொன்னார். சொல்லிவிட்டு என் விலாவைப் பார்த்து அவரே சிரித்துவிட்டார். நல்லவேளை, அது கயிறு தெரிந்த பசு. கால்நடை மருந்தகத்துக்கே நடத்திப் போய் அங்கிருக்கும் டிராவிஸ் என்கிற இரும்புக் கூண்டில் நிறுத்தினோம். நாலு குழாய்க்கால், முன்னும் பின்னும் குறுக்குக் குழாய், அவ்வளவுதான். என்னைச் சுவரில் நசுக்கிய கூட்டத்தைச் சேர்ந்த மாடு, அதற்குள் அசையாமல் நின்றது. நோய் இல்லை என்று முடிவு வந்தது. எனக்கு அதைவிடப் பெரிதாகப் பட்டது அந்தக் கூண்டுதான். இரண்டு லட்சம் செலவழித்து ஆறு ஏக்கரைச் சுற்றி வளைத்தும் ஒரு மாட்டைத் தொட முடியவில்லை. தொடுவதற்கு ஒரு சின்ன இடத்தைக் கெட்டியாகக் கட்டினால் போதும் என்று அங்கே நின்றுகொண்டிருக்கும்போதே தீர்மானித்துவிட்டேன். புல்லும் தண்ணீரும் இருந்தால் மாடு எல்லை வேலியைச் சும்மா சோதிக்காது. நெருக்கி அடைக்கிற இடத்தில்தான் அதன் முழுப் பலத்தையும் காட்டும்.

மாட்டை அடைத்துப் பிடிக்கிற பட்டிக்கு முதலில் இடம். தண்ணீர்த் தொட்டி இருந்த மூலையைத் தேர்ந்தெடுத்தேன், பட்டிக்குள்ளேயே தொட்டி வருகிற மாதிரி. காட்டில் வேறு தண்ணீர் கிடையாது, ஆகவே தினமும் தானாகவே உள்ளே வந்து போகும். நுழைவு வாசலைப் பட்டியின் நடுப்பக்கத்தில் வைக்காமல் எல்லை வேலி வந்து சேருகிற மூலையில் வைத்தேன். மாடு வேலியை ஒட்டியே நடக்கும் பழக்கம் உள்ளது, வேலி முடிகிற இடத்தில் வாசல் இருந்தால் தானாகவே உள்ளே போய்விடும். பெரிய மாடு ஒன்றுக்கு நெருக்கி நிறுத்த 20 சதுர அடி போதும் என்பார்கள், அவை புழங்கவும் வேண்டுமே என்று 30க்கு 30 அடியாக எடுத்தேன். உள்மூலைகள் சதுரமாக இருந்தால் அதில் போய்த் தலையை நட்டுக்கொண்டு குவிந்துவிடும், அதனால் மூலையைக் குறுக்குக் குழாய் வைத்து மழுக்கிவிட்டோம். ஒரு மூலையில் மட்டும் ஆள் நழுவி வெளியே வர 14 அங்குலச் சந்து விடச் சொன்னார் டாக்டர். என் உடம்புக்கு 16 வேண்டியிருந்தது.

பட்டியிலிருந்து 20 அடி நீளத்துக்கு ஒரு நடைசந்து, அதன் முடிவில் டிராவிஸ். நடைசந்தின் அகலத்தில்தான் எல்லாமே இருக்கிறது. அகலமாக இருந்தால் மாடு உள்ளே திரும்பிவிடும், குறுகலாக இருந்தால் காங்கேயம் கொம்பு மாட்டிக்கொள்ளும். அடியில் 16 அங்குலம், 5 அடி உயரத்தில் 30 அங்குலம் என்று பக்கங்களைச் சாய்த்து வைத்தால் இரண்டு தொல்லையும் இல்லை. கால் வைக்கிற இடம் குறுகல் என்பதால் திரும்பாது, கொம்புக்கு மேலே இடம் இருக்கும். உங்கள் கூட்டத்தில் கொம்பு அதிகம் விரிந்த மாட்டை அளந்து அதற்கு மேல் நாலு விரற்கடை கூட்டிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு மாட்டுக்கும் பின்னால் ஒரு குழாயைக் குறுக்கே செருக ஓட்டை வைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் பின்னாலேயே நடந்து வந்துவிடும். அந்தக் குழாய் செருகாமல் மாட்டுக்குப் பின்னால் யாரும் போகக் கூடாது, டாக்டராக இருந்தாலும்.

அமெரிக்காவில் கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் மாட்டின் நடத்தையை ஆராய்ந்தவர் டெம்பிள் கிராண்டின். அவர் சொல்வதை என் மகள் போனில் தேடிப் படித்துத் தமிழில் சொன்னாள். மாட்டுக்குக் கண் பக்கவாட்டில் இருப்பதால் நேர் பின்புறம் தவிர ஏறக்குறைய சுற்றிலும் தெரியும். அதனால் நடைசந்துக்கு வெளியே ஆள் நடமாடினால் நின்றுவிடும், பக்கங்களை அடைத்துவிட வேண்டும். தரையில் விழும் நிழல் கோடு, தொங்குகிற சங்கிலி, பளபளக்கிற தகரம், எல்லாவற்றுக்கும் நின்று யோசிக்கும். இது என் வீட்டுக்காரருக்கு யாரும் சொல்லாமலே தெரிந்திருந்தது, சட்டை காயப் போட்ட கொடியைக்கூட மாடு வருகிற வழியில் கட்ட விடமாட்டார். பக்கத்தை அடைக்கத் தார்ப்பாய் போதும் என்றார் வெல்டர். தாராபுரம், மூலனூர்ப் பக்கம் ஆடிக் காற்று எப்படி என்று காற்றாலைகளைப் பார்த்தாலே தெரியும். தார்ப்பாய் படபடவென்று அடித்துக்கொண்டதில் ஒரு மாடுகூட உள்ளே கால் வைக்கவில்லை. பழைய எண்ணெய் டிரம்மை வெட்டி விரித்து, விளிம்பை மடக்கி, வெல்டு வைத்த பிறகுதான் சரியாயிற்று. விளிம்பை மடக்க மறந்தால் அதுவே கத்தி. நடைசந்தை வடக்கு தெற்காக வைத்தோம், காலையிலும் மாலையிலும் வெயில் முகத்தில் அடிக்காது.

இரும்புக்கு நான் கண்ட வழி பழைய போர்க்குழாய். ஆழ்துளைக் கிணற்றில் மோட்டாருக்கு முன்பெல்லாம் ஜி.ஐ. எனும் துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய்தான் இறக்குவார்கள், இப்போது பெரும்பாலும் கருப்புப் பிளாஸ்டிக் குழாய்க்கு மாறிவிட்டார்கள். கழற்றிய பழைய குழாய் இரும்புக் கடைகளில் எடைக்குக் கிடைக்கிறது. கால்களுக்கு 2 அங்குலம், குறுக்குக்கு ஒன்றரை அங்குலம், மொத்தம் 1,300 கிலோவுக்கு 73,000 ரூபாய் ஆயிற்று. புதுக்குழாய் என்றால் கட்டுப்படியாகியிருக்காது. வாங்கும்போது சுத்தியலால் தட்டிப் பாருங்கள், துரு தின்ற இடம் மந்தமாகச் சத்தம் கொடுக்கும், மரை இருந்த முனைகள்தான் முதலில் ஓட்டை விழுந்திருக்கும், அதை வெட்டிவிட்டு எடை போடச் சொல்லுங்கள். வெல்டு வைக்கிற இடத்தில் மேல்பூச்சைக் கிரைண்டர் போட்டு எடுத்துவிட வேண்டும். துத்தநாகப் புகையை மூடிய இடத்தில் இழுத்தால் வெல்டருக்குக் குளிர்காய்ச்சல் வந்துவிடும். எங்கள் வெல்டர் ஒரு டம்ளர் பால் குடித்தால் போதும் என்றார், அவருக்குப் பாலும் கொடுத்து மின்விசிறியும் வைத்தேன்.

கட்டும்போது கவனிக்க வேண்டியவை சில. குறுக்குக் குழாய் காலின் உள்பக்கம் வர வேண்டும். மாடு உள்ளிருந்து தள்ளும்போது குழாய் காலோடு அழுந்தும். வெளிப்பக்கம் வைத்தால் தள்ளுகிற பலம் முழுக்க வெல்டிலேயே விழும், ஒரு நாள் பிய்த்துக்கொள்ளும். ஒவ்வொரு குழியும் 3 அடி. சுக்கானை உடைக்க கம்ப்ரசர் ஆள் வைத்தேன், அந்த 12,000 ரூபாயை மட்டும் மனம் நிறைந்து கொடுத்தேன். கான்கிரீட்டைத் தரைக்கு மேலே கொஞ்சம் குவித்துச் சரிவாக முடிக்க வேண்டும், இல்லாவிட்டால் கோமியமும் மழைத்தண்ணீரும் தேங்கி அந்த மட்டத்திலேயே இரும்பு அரித்துவிடும். தண்ணீர் ஊற்றி ஒரு வாரமாவது விட்ட பிறகே கதவு தொங்கவிட வேண்டும். குழாய் முனைகளை எல்லாம் மூடி வெல்டு வையுங்கள். திறந்து கிடந்தால் மழைநீர் போவது ஒருபுறம், குளவி கூடு கட்டிவிடும், மாட்டைப் பிடித்துக்கொண்டிருக்கும்போது குளவி கிளம்பினால் யாராலும் ஒன்றும் செய்ய முடியாது. கதவின் கீல் இரண்டில் ஒன்றின் முளையைத் தலைகீழாக வைக்கச் சொல்லுங்கள், கொம்பால் கதவைத் தூக்கிக் கழற்றும் வித்தை காங்கேயத்துக்குத் தெரியும். தாழ்ப்பாள் ஒரு கையால் போடுகிற மாதிரி இருக்க வேண்டும், இன்னொரு கையில் எப்போதும் ஏதாவது இருக்கும். கதவு மோதும் இடத்தில் பழைய டயர் ரப்பரைச் சுற்றிவிட்டால் டமால் சத்தம் போய்விடும்.

டிராவிஸில் கழுத்தைப் பிடிக்க விலை கொடுத்து எந்திரம் எதுவும் வாங்கவில்லை. நிமிர்ந்த இரண்டு குழாய், அதில் ஒன்று மேலே சாய்ந்து திறக்கும், கழுத்து வந்ததும் மூடி முளை போடலாம். அந்தக் குழாய்கள் வளைவில்லாமல் நேராக இருக்க வேண்டும், அப்போதுதான் மாடு படுத்துவிட்டாலும் கழுத்து நெரியாமல் சறுக்கி இறங்கும். ஒரு பக்கச் சுவரை முழுவதும் கதவாகவே வைத்துக்கொள்ளுங்கள், உள்ளே மாடு விழுந்துவிட்டால் அதைத் திறப்பது தவிர வேறு வழியில்லை. தரையில் கான்கிரீட்டை வழவழப்பாகத் தேய்க்க விடாதீர்கள். கொத்தனாருக்குத் தேய்க்காவிட்டால் தூக்கம் வராது. நான் பக்கத்தில் நின்று ஈரத்திலேயே குறுக்கும் நெடுக்குமாகக் கோடு இழுக்க வைத்தேன்.

சிமெண்ட், ஜல்லி, வெல்டிங் கூலி, கதவு எல்லாம் சேர்த்து 1,48,000 ரூபாயில் முடிந்தது. முடிந்ததும் ஊசிக்காரர்களைக் கூப்பிட எனக்கு அவசரம்தான், டாக்டர் வேண்டாம் என்றார். முதல் தடவை உள்ளே வந்ததும் ஊசி குத்தினால் அப்புறம் தண்ணீர் குடிக்கக்கூட வராது என்றார். எல்லாக் கதவையும் திறந்து போட்டு, நடைசந்தில் கொஞ்சம் பருத்திக்கொட்டையும் தவிடும் தூவி வைத்தேன். முதலில் வந்தது கயிறு தெரிந்த கிழட்டுப் பசு, அதன் பின்னால் ஒவ்வொன்றாக. நடந்து உள்ளே போய் மறுபக்கம் வெளியே வந்துவிடும். பிறகு கதவைச் சாத்தித் திறப்பது, பின்குழாய் செருகி எடுப்பது என்று ஒரு பருவம் முழுக்கப் பழக்கினேன். மாட்டின் தோள்பட்டைக்குப் பின்னால் நின்று ஓர் அடி எடுத்து வைத்தால் முன்னே போகும், தோளுக்கு முன்னால் போனால் பின்வாங்கும். கத்த வேண்டியதே இல்லை. குச்சிகூட வைத்துக்கொள்வதில்லை.

அடுத்த கோமாரி ஊசிக்கு ஊர்ப் பையன்களை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அவர்கள் கோபித்துக்கொண்டார்கள். காலை வெயில் ஏறுவதற்குள் பதினாலுக்கும் ஊசி, விட்டுப்போனவற்றுக்குத் தோடு, எல்லாம் முடிந்தது. பொலிகாளை மட்டும் நடைசந்தின் நடுவில் நின்றுகொண்டு கொஞ்ச நேரம் யோசித்தது. அவசரப்படுத்தவில்லை. பார்த்தால் யாரோ ஒருவர் துண்டை மேல்குழாயில் போட்டிருந்தார். எடுத்ததும் நடந்துவிட்டது.

எல்லை வேலியை மறுபடி மொத்தமாகப் போடுவதில்லை என்று விட்டுவிட்டேன். மூலைகளுக்கு மட்டும் கல்லுக்கால் வாங்கி 3 அடி இறக்கி முட்டு வைத்தேன். கன்று பாய்கிற உயரத்தில் இருந்த இரண்டு முள்வரியை எடுத்துவிட்டு முள் இல்லாத கம்பி இழுத்தேன். கம்பிக்கு வெளியே நின்ற கிளுவையில் சந்து விழுந்த இடமெல்லாம் புதுப் போத்து ஊன்றியாயிற்று, உள்ளே கம்பி இருப்பதால் மாடு தளிரைக் கடிக்காது. வேலியில் கரண்ட் விடலாமே என்று சிலர் கேட்கிறார்கள். வீட்டு மின்சாரத்தை நேராகக் கம்பியில் விடுவது குற்றம், மனித உயிர் போகும். அந்தப் பேச்சே வேண்டாம்.

பாக்கி இருப்பது வண்டி ஏற்றும் மேடை ஒன்றுதான். இப்போது பலகையைச் சாய்த்து வைத்து ஏற்றுகிறோம், செங்குத்தாக இருப்பதால் பாதியில் முழங்கால் மடித்துவிடுகிறது. 20 டிகிரிக்கு மேல் சரிவு கூடாது, 4 அங்குல உயரமும் ஓர் அடி அகலமுமாகப் படி வைத்தால் மாடு தயங்காமல் ஏறும் என்று டாக்டர் அளவு எழுதிக் கொடுத்திருக்கிறார். எந்த வண்டியின் உயரத்துக்குக் கட்டுவது என்பதில்தான் வெல்டரோடு பேச்சு நடந்துகொண்டிருக்கிறது. எங்கள் பக்கம் அதிகம் வருவது பிக்கப் வண்டி, அதன் தளத்தை அளந்து வைத்திருக்கிறேன். மாசிக்குப் பிறகு அவருக்குக் கை ஓய்வாகும் என்றார்.